உளுத்துப் போகாத பேர்

ஆர்னோபியோவின் வீட்டுக்குப் பின்னால் நிற்பது குவாருமோ மரம்தான் என்பது சான் லாசாரோ ஊரில் நாய் பூனைக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் ஒரே ஒருத்தி, அவன் பெண்டாட்டி தேயனிரா. அவள் அதைச் சொய்பா மரம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்பியதோடு விட்டாளா, பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அந்தப் பேரையே வைக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சொய்பா இரும்பு மரம். அந்த ஆற்றங்கரையில் வீடுகள் எல்லாம் கால் ஊன்றி நிற்பது அதன் மேல்தான். வருஷம் முழுக்க மழை, பாதி நாள் வீட்டுக்கு அடியில் ஆறு. பலகை உளுத்துப் போகும், கூரை உளுத்துப் போகும், கட்டினவனும் போய்ச் சேர்ந்துவிடுவான். சொய்பாத் தூண் மட்டும் நட்டது நட்டபடி நிற்கும். குவாருமோ அப்படியா? யாரும் நடாமல் தானே வந்து முளைக்கிற களை. கரை சரிந்த இடம், காடு அழித்த இடம் எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்கும். விரித்த கை மாதிரி இலை, உள்ளே வெறும் குழாய், குழாய்க்குள் எறும்பு. விறகுக்குக்கூட அதை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரிய வேண்டுமானால் பார்க்கிறவளுக்குப் பயிர் தெரிந்திருக்க வேண்டும். தேயனிரா கீப்தோ பட்டணத்தில் சிமெண்டுத் தெருவில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகி வரும்வரை மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். சொய்பாவைத் தூணாகப் பார்த்திருக்கிறாளே தவிர முளையாகப் பார்த்ததில்லை.

இந்த முழுப் பூசணிக்காய் எப்படிச் சோற்றுக்குள் போனது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்து வழக்கம் இது. ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், தன் கையால் ஒரு மர விதையை ஊன்றுவாள். ஊன்றுவது தரையில் அல்ல. பழைய உடைந்த ஓடம் ஒன்றைக் கம்புகள் மேல் தூக்கி நிறுத்தி, எறும்புப் புற்று மண் கொண்டு நிரப்பி, வெங்காயத்தாளும் மூலிகையும் வளர்க்கிற பாத்தி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில்தான் ஊன்றுவாள். வயிற்றில் பிள்ளையும் ஓடத்தில் கன்றும் சேர்ந்து வளரும். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைத்து அதன் மேல் அந்தக் கன்றை நடுவார்கள். பேச்சு வந்த பிறகு பிள்ளை அந்த மரத்தைக் காட்டி, 'அதுதான் என் தொப்புள்' என்று சொல்லும். அந்த ஊரில் ஒருவனைத் தெரிந்துகொள்ள அவன் மரத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

தேயனிராவுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

அது ஆண். மாதம் நிறையுமுன் வலி வந்து, ரத்தம் நிற்காமல், ஆர்னோபியோ தன் படகிலேயே அவளைக் கீப்தோவுக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஆளும் வாழைத்தாரும் ஏற்றுகிற படகு. பாதி வழியில் பிள்ளை பிறந்தது. கொஞ்ச நேரம் மூச்சும் விட்டது. பாதிரியார் எப்போதாவது வருகிற ஆற்றங்கரையில், அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் சொல்லிவிடலாம். தண்ணீர் ஊற்றின பிள்ளை செத்தால் அது தேவதை. ஊரே கூடி, கை தட்டிப் பாடி, அந்தச் சின்ன உடம்பைக் கைக்குக் கை மாற்றித் தூக்கி ஆட்டி வழியனுப்பி வைக்கும். ஊற்றாத பிள்ளைக்குப் பாட்டு கிடையாது. ஆர்னோபியோ மோட்டாரின் பிடியை விடவில்லை. விட்டால் படகு நிற்கும், படகு நின்றால் தேயனிராவும் போவாள். விட்டிருந்தாலும் ஊற்றுவதற்குப் பேர் வேண்டுமே. பிறக்கட்டும், முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேரே யோசிக்கவில்லை. சுற்றிலும் ஆறு, கையை நீட்டினால் தண்ணீர். பேர்தான் இல்லை. பிள்ளை பேரில்லாமலே போய்விட்டது.

ஆகவே இந்தத் தடவை தேயனிரா சொய்பா விதை ஊன்றின அன்றைக்கே பேரையும் ஊன்றிவிட்டாள்.

"ஆணோ பொண்ணோ, சொய்பா," என்றாள்.

"மரத்துப் பேரையா வைக்கப் போறே?"

"ஏன், வீட்டுக்குத் தூணா வைக்கலாம், பிள்ளைக்குப் பேரா வைக்கக் கூடாதா? உளுத்துப் போகாத பேரா ஒண்ணு இருக்கட்டும் ஆர்னோ. படகுல பொறந்தாலும் சரி, பாதையில பொறந்தாலும் சரி, பேர் கையில இருக்கணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஊர் மூடவில்லை. டி.வி. நாடகத்துக் கதாநாயகி பேரையும், பார்த்தேயிராத பந்தாட்டக்காரன் பேரையும் பாதி எழுத்து மாற்றித் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்தவர்கள் எல்லாம், மரத்துப் பேரா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். தேயனிரா யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அவள் பரிசோதனைக்கென்று கீப்தோவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது பாத்தியை ஆர்னோபியோவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கோழி ஏறாமல், நண்டு தோண்டாமல் அவன் கண்ணுக்குள் வைத்துத்தான் காத்தான். விதை வெடித்து முளை எட்டிப் பார்த்தபோது சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு எலாதியோவைக் கூட்டிவந்து காட்டினான். எல்லாம் சரி. கோழியையும் நண்டையும் விரட்டத் தெரிந்தவனுக்குத் தன்னை விரட்டத் தெரியவில்லை. தேயனிராவை அழைத்துவர மறுநாள் போக வேண்டும் என்று மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், பெட்ரோல் கேனைப் பாத்தியின் விளிம்பில் வைத்தான். மூடி சரியாக மூடவில்லை, பெட்ரோல் கசிந்து பாத்திக்குள் இறங்கிக்கொண்டேயிருந்தது. சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது முளை கருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

சொய்பா விதைக்கு மேட்டுக் காட்டுக்குப் போக வேண்டும், அதுவும் அப்போது பருவம் முடிந்திருந்தது. வெறும் பாத்தியை அவள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கரைக்கு ஓடினான். கண்ணில் பட்டதெல்லாம் குவாருமோ முளைதான். ஒன்றைப் பிடுங்கி வந்து, பெட்ரோல் மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, அந்தக் குழியிலேயே வைத்துப் புது மண்ணை அணைத்தான். இன்றைக்குச் சமாளிப்போம், நாலு நாளில் நல்ல சொய்பாக் கன்று தேடி மாற்றிவிடுவோம் என்பது கணக்கு.

தேயனிரா வந்து இறங்கினாள். நேரே பாத்திக்குப் போனாள். முளையைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதல் பிள்ளை போன பிறகு அவள் அழுது அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கன்று கிடைக்கவும் கிடைத்தது. ஆனால் தேடி அலைந்து, ஆற்றின் மேல் பக்கம் மரம் வெட்டப் போனவன் ஒருவன் கொண்டுவந்து கொடுப்பதற்குள் குவாருமோ முழங்கால் உயரம் வந்துவிட்டது. சொய்பாவோ ஒரு சாண்கூட இல்லை. முழங்காலை எடுத்துவிட்டுச் சாணை வைத்தால், கன்று சுருங்கிப் போயிற்று என்றா சொல்ல முடியும்? பழைய பெயிண்டு டப்பாவில் மண் போட்டு அதை நட்டு, வீட்டுக்கு அடியில் மீன் வலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அவள் துணி துவைக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவான். வேறொருத்திக்குச் சோறு போடுகிறவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றுவான்.

குவாருமோவுக்கு வெட்கமா மானமா, வளர்ந்தது. இடுப்புக்கு வந்தது. தோளுக்கு வந்தது.

"என்ன மாப்ளே, உன் இரும்பு மரம் கூரையைத் தொட்டுரும் போலிருக்கே," என்றான் எலாதியோ.

"அவ காதுல விழுந்துச்சு, உன் வலையை அறுத்து ஆத்துல விட்டுருவேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? பிள்ளைத்தாச்சி. என் பெண்டாட்டிகிட்டயே சொல்லி வெச்சிருக்கேன், அது சொய்பாதான்னு."

அப்படித்தான் ஊரே சொய்பா என்றது. ஊர் வம்பு பேசுகிற ஊர்தான். ஆனால் அவள் படகிலிருந்து வெறும் கையோடு இறங்கி வந்ததைப் பார்த்த ஊர். ஒருத்திகூட உண்மையைச் சொல்லவில்லை. தேயனிராவுக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது.

"ஆர்னோ, இந்த இலையைப் பாரு. எதிர்க்கரையில நிக்குதே, அந்த மரம் மாதிரியே இருக்கு."

"சின்னதுல எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்," என்றான் அவன். "கைக்குழந்தைங்க எல்லாம் ஒரே மூஞ்சியாத் தெரியுதில்ல? வளர வளரத்தான் மாறும்."

அவள் நம்பினாள்.

காலையில் எழுந்ததும் அவள் அந்தக் கன்றோடு பேசுவாள். சொய்பா என்றுதான் கூப்பிடுவாள். நேற்று இப்படி உதைத்தாய், இன்றைக்கு வாழைக்காய் பொரித்துத் தருகிறேன் என்று வயிற்றிடமும் கன்றிடமும் ஒரே பேச்சாகப் பேசுவாள். ஒரு நாள் படகுக்குப் போகத் திரும்பினவன் காதில் விழுந்தது. "உனக்கு ஒரு அண்ணன் இருக்கான் சொய்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "மூக்கு அப்படியே உங்கப்பன் மூக்கு." புருஷனிடம் ஒரு நாளும் சொல்லாததை அந்தக் களையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆர்னோபியோ படகில் போய் உட்கார்ந்து, வெகு நேரம் மோட்டாரைக் கிளப்பாமலே இருந்தான்.

பிள்ளை பட்டணத்துக்குப் போக நேரம் கொடுக்கவில்லை. ஒரு காலைப் பொழுதில் வீட்டிலேயே, மருத்துவச்சி கையில், சுலபமாக வந்து பிறந்தது. பெண். சின்ன உடம்பு, ஆனால் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. நஞ்சுக்கொடியைக் கொல்லையில் புதைத்து அதன் மேல் குவாருமோவைத் தூக்கி நட்டார்கள். நட்ட ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தொப்புள்கொடி விழுந்த அன்று பிள்ளை இரண்டு தும்மல் போட்டது. தேயனிராவுக்கு அதுவே போதும். "இன்னிக்கே தண்ணி ஊத்தணும். கசில்தா அக்காவைக் கூட்டிட்டு வா," என்றாள்.

கசில்தா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். ஆர்னோபியோவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. இறந்த பிள்ளைகளுக்குப் பாட்டு எடுக்கும்போது முதல் குரல் அவளுடையது, தண்ணீர் ஊற்றும்போது முதல் கையும் அவளுடையது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள்தான் ஞானத்தாய். வெள்ளைத் துணியும் மெழுகுவர்த்தியும் சுரைக்குடுவையுமாக வந்தவள் வீட்டுக்குள் ஏறாமல், படகுத்துறையிலேயே அவனை நிறுத்தினாள்.

"எலே, சொல்லிட்டியா அவகிட்ட?"

"எதை?"

"எதையாம். தலைக்கு மேல நிக்குதே, அதை."

"அக்கா, இவ்வளவு நாள் நீயும்தானே சொய்பான்னே."

"சொன்னேன். வயித்துப் பிள்ளைக்காரிக்குச் சொல்ற பொய் மருந்து மாதிரிடா. அப்ப அது வேண்டியிருந்துச்சு. இப்ப தண்ணி. தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டு நான் சொல்ற பேர் கடைசி வரைக்கும் நிக்கணும். தொப்புள் குவாருமோவுல கிடக்கு, நான் சொய்பான்னு ஊத்தவா? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு விவரம் தெரிஞ்சதும் மரத்தைப் பாக்கும், பேரைப் பாக்கும். ரெண்டுல எது பொய்யின்னு யாரைப் போய்க் கேக்கும்?"

"அவ தாங்க மாட்டா அக்கா. அந்தத் தடவையும் என்னாலதான், இந்தத் தடவையும் என்னாலதான்னு ஆயிடும்."

கசில்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தத் தடவை உன்னால இல்லை. இந்தத் தடவை உன்னாலதான். போய்ச் சொல்லு. சொன்னாத்தான் நான் படி ஏறுவேன்."

ஆர்னோபியோ வீட்டுக்கு அடியில் குனிந்து, வலையை விலக்கி, பெயிண்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படி ஏறினான். பிடித்துக்கொள்ளக் கையில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. தேயனிரா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன செடி?" என்றாள்.

"இதுதான் சொய்பா."

அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் சொல்லிவிட்டான். கேன், மூடி, கருகின முளை, கரையில் பிடுங்கினது, டப்பா, ஊர் எல்லாம். முன்னுக்குப் பின்னாகச் சொன்னான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. எவ்வளவு நேரம் பேசினான் என்று அவனுக்கே தெரியாது. முடித்தபோது அவள் எழுந்தாள், வாசலுக்கு வந்துவிட்ட கசில்தாவின் கையில் பிள்ளையைக் கொடுத்தாள், கதவுக்குப் பின்னால் சொருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"விடு," என்றாள் கசில்தா, பின்னால் ஓடப் பார்த்தவனிடம். அவன் விடவில்லை, ஓடினான்.

தேயனிரா அதற்குள் ஒரு போடு போட்டுவிட்டாள். பிரசவித்த உடம்பு, கையில் வலு இல்லை. அரிவாள் தண்டில் பாதி இறங்கி நின்றது. டொக்கென்று காலிப் பானைச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி வெட்டு வாய் வழியாக எறும்பு கொட்டியது. அரிவாள் பிடி வழியாக அவள் கைக்கு, கையிலிருந்து தோளுக்கு ஏறிக் கடித்தது. அவள் கத்திக்கொண்டு பின்னால் விழப் போனாள். ஆர்னோபியோ தாங்கிப் பிடித்து, ஒரு கையால் அவளைப் பிடித்து, மறு கையால் எறும்பைத் தட்டினான். அவனையும் கடித்தது. இரண்டு பேரும் கொல்லையில் நின்று குதிக்கிற குதியை வேலி ஓரம் நின்ற எலாதியோ பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

எல்லா எறும்பும் போன பிறகும் அவன் அவள் கையைத் தடவிக்கொண்டேயிருந்தான். கை முழுக்கத் தடித்திருந்தது.

"இவ்வளவு நாளா நான் யார்கிட்டடா பேசிட்டு இருந்தேன்?" என்றாள் தேயனிரா.

"இதுகிட்டதான்."

"அவனைப் பத்தி எல்லாம் சொன்னேன்."

"தெரியும். ஒரு நாள் கேட்டேன்."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"பயமா இருந்துச்சு," என்றான். "அன்னிக்கு நான் தண்ணி ஊத்தியிருக்கணும்னு நீ சொல்லிடுவியோன்னு. ஒரு நாள் இல்லை ஒரு நாள் சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

தேயனிரா அவன் முகத்தைத் தன் தடித்த கையால் தொட்டாள். "நீ பிடியை விட்டிருந்தா நான் இருந்திருப்பேனா? பைத்தியமே. நான் அழுதது தண்ணிக்கு இல்லை. கூப்பிட ஒரு பேர் இல்லைன்னுதான் அழுதேன். அம்மாக்காரி நெனச்சு அழணும்னாக்கூட ஒரு பேர் வேணும்."

சொல்லிவிட்டு அவள் மரத்தைப் பார்த்தாள். வெட்டின இடத்தில் எறும்புகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. மரம் சாயவில்லை.

"தினம் சொய்பா சொய்பான்னு கூப்பிட்டேன்," என்றாள். "தன் பேர் இல்லைன்னு தெரியும் இதுக்கு. அப்படியும் நான் பேசப் பேச வளந்திருக்கு பாரு. அந்த இரும்பு மரமா இருந்திருந்தா இந்நேரம் ஒரு சாண் வந்திருக்கும். தினம் காலையில எழுந்து வந்து பாக்கிறவளுக்கு அது எப்படிப் போதும்? நான் பொழச்சது இதாலதான் ஆர்னோ."

அவன் இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது.

அவள் படி ஏறி வந்து கசில்தாவின் முன்னால் நின்றாள். "அக்கா, துணியை விரி. பொண்ணாச்சே, குவாருமோ இல்லை, பேர் குவாருமா."

இதை மட்டும் கசில்தா எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லச் சொன்னவளுக்கு உண்மை இந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டார்கள்? "ஏண்டி, எவ்வளவோ இருக்கே, ஒரு பூவோ, பறவையோ. இது களைடி. உள்ளே ஓட்டை. பள்ளிக்கூடத்துல ஓட்டை மரம்னு கூப்பிடுவானுங்க, நான்தானே அங்க சோறு போடுறேன், எனக்குத் தெரியாதா?"

"கூப்பிடட்டும். மேல கை வெச்சா என்ன ஆகும்னு எலாதியோவைக் கேளு, அவர்தான் வேலியில நின்னு பாத்தார்."

வெளியிலிருந்து எலாதியோ, "நான் ஒண்ணும் பாக்கலை," என்றான்.

"எங்கே மண் சரிஞ்சாலும் முதல்ல வந்து நிக்கிறது எது அக்கா?" என்றாள் தேயனிரா. "இந்த வீட்டுல சரிஞ்சுது. இவ வந்து நின்னா. பேர் சரியாத்தான் இருக்கு. தொப்புளும் பேரும் ஒண்ணாச்சு, உன் தண்ணிக்கும் பொய் இல்லை. ஊத்து."

கசில்தா துணியை விரித்தாள், மெழுகுவர்த்தியை ஏற்றினாள், விசுவாச மந்திரத்தைச் சொன்னாள். சுரைக்குடுவையிலிருந்து தண்ணீரைப் பிள்ளையின் உச்சந்தலையில் மூன்று தடவை ஊற்றி, வாய் நிறைய, ஆற்றுக்குக் கேட்கிற மாதிரி, "குவாருமா," என்றாள். பிள்ளை மூன்றாவது தும்மலைப் போட்டது. கசில்தா சிரித்துவிட்டாள். "வாயாடி, பேரைப் பிடிச்சுக்கிட்டா," என்றாள்.

ஆர்னோபியோ ஓரமாக டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். இனி அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்ப சொய்பா?" என்றான் மெதுவாக.

"அது அவனுக்கு," என்றாள் தேயனிரா.

எவனுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"உளுத்துப் போகாத பேர் அவனுக்குத்தான் வேணும்," என்றாள். "இவ பேரை இவளே சுமந்துக்குவா. அவன் பேர் நாமதானே காப்பாத்தணும். நாம போன அப்புறமும் நிக்கிற மரமா இருந்தாத்தான் ஆகும்."

ஆர்னோபியோ கசில்தாவைப் பார்த்தான். கசில்தா மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். அவளுக்கு விதி தெரியும். மூச்சு இருக்கிற தலைக்குத்தான் தண்ணீர். அதில் அவள் ஒரு நாளும் வளைந்து கொடுத்ததில்லை. ஊரில் எத்தனையோ தாய்மார் காலைப் பிடித்தும் கொடுத்ததில்லை.

"போனவங்களுக்கு நான் ஊத்த முடியாது," என்றாள் கடைசியில். "அது என் கையில இல்லை." குடுவையை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. "ஆனா மிச்சத் தண்ணியைக் கண்ட இடத்துல கொட்டக் கூடாது. செடி வேர்லதான் ஊத்தணும், அது எப்பவும் உள்ள முறை. இந்தா, பிடி. ஊத்துறப்போ உன் வாயில என்ன பேர் வருதோ அது எனக்குத் தெரியாது. நான் காதைப் பொத்திக்கிறேன்."

பொத்தவில்லை. பொத்தக் கையும் இல்லை, பிள்ளை இருந்தது.

ஆர்னோபியோ கொல்லைக்குப் போய்க் குவாருமோவின் நிழலில், அதற்கு நாலடி தள்ளி, ஒரு குழி தோண்டினான். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, மண் உதிராமல் கன்றை எடுத்து வைத்தான். தேயனிரா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள். அவன் ஒரு கையில் குடுவையை எடுத்தான். இன்னொரு கை தானாகப் போய்க் கன்றின் கீழே, பிள்ளையின் பிடரியைத் தாங்குகிற மாதிரி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று தடவை ஊற்றினான்.

"சொய்பா," என்றான். "சொய்பா. என் மகனே, சொய்பா."

தேயனிராவும் சொன்னாள். பேசாமல் வைத்திருந்த அத்தனை காலத்துக்கும் சேர்த்து, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

படியில் நின்றிருந்த கசில்தா குவாருமாவைத் தோளில் சாய்த்து, அவள் முதுகில் ஒரு கையால் தாளம் தட்டினாள். பிறகு வாயைத் திறந்து, முதல் குரல் எடுத்தாள். பிள்ளைகளை வழியனுப்புகிற பாட்டுதான், அன்றைக்குப் பாடாமல் விட்டுப்போனது. வேலிக்கு அந்தப் பக்கம் எலாதியோ இரண்டாம் குரலைப் பிடித்தான். அடுத்த வீட்டில் யாரோ கை தட்டினார்கள். யாருக்கு இந்தப் பாட்டு என்று கேட்டு ஒருவரும் வரவில்லை, கை தட்டிக்கொண்டே வந்தார்கள்.